மத்தியானத்துக்குப் பின் தண்ணீர்

காத்மாண்டு
30.5.1996

மச்சாளுக்கு,

வந்து சேர்ந்தேன். சேர்ந்து இரண்டு மாதமாகிறது. அண்ணனுக்குத் தந்தி அடித்தேன், கிடைத்திருக்கும். உங்களுக்கு எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் பெண்கள். கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்றவர்கள் மலையில் பிறந்தவர்கள். ஆசிரியை என்னை எழுப்பி, உன் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். பூச்சியம் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பேருக்கும் சிரிக்கிறார்கள். அன்னப்பூரணி. இங்கே அது ஒரு மலை. எட்டாயிரம் மீற்றர். ஏறப்போனவர்களில் பலர் திரும்புவதில்லையாம்.

மூன்றாம் மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

நீங்கள் செய்ததை மறக்கவில்லை. நான் புறப்படுவதற்கு முந்திய கிழமை என்னை இங்கே அனுப்புகிற நிறுவனத்தின் கந்தோருக்குப் போனீர்கள். வினாயகமூர்த்தி சேரின் மேசைக்கு முன்னால் நின்று, "அவக்கு மாசாமாசம் இரத்தம் கடுமையாப் போகுது, உடம்பில இரத்தம் காணாது, மலைக்கு அனுப்பாதீங்க" என்று சொன்னீர்கள். அந்த அறையில் நான்கு ஆண்கள். அடுத்த நாள் நான் கையொப்பம் வைக்கப் போனேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார்.

நீங்கள் மிட்வைஃப். ஊர்ப் பெண்களின் உடம்பெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் அண்ணனைக் கட்டியதால் என் உடம்பும் தெரியும். தெரிந்ததால் அது உங்களுடையது ஆகாது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பூரணி


புளியந்தீவு
21.6.1996

பூரணி,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. உன் அண்ணன் படலையில் நின்றே பிரித்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வாசித்தார். இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. "என்ட தங்கச்சிட பேரில அங்க மலை ஒண்டு இரிக்காம் கா!" என்று முன்வீட்டுக்குக் கேட்கச் சத்தம். அப்படியே வாசித்துக்கொண்டு போனவர் நீ கந்தோர்ச் சங்கதி எழுதிய பந்திக்கு வந்தார். 'இரத்தம்' என்ற சொல்லில் நின்றார். தொண்டையைச் செருமினார். "மறுகா, எல்லாரையும் கேட்டதாம்" என்று முடித்து, மடித்து என் கையில் தந்துவிட்டு வலை பொத்தப் போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கோபம் என்மேலா உன்மேலா என்று அவருக்கே தெரியவில்லைப்போல.

ஆகையால் இனி இரண்டு தாளில் எழுது. முதல் தாள் ஊருக்கு. இரண்டாம் தாள் எனக்கு. உடம்புச் சங்கதியும் சண்டையும் இரண்டாவதில்.

நான் கந்தோரில் சொன்னது உண்மையா பொய்யா? மார்கழியில் என் அடுப்படியில் விழுந்தாய். கண் மடலைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை. மேலே போகப் போகக் காற்றுக் குறைவு என்று நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய். காற்றை உடம்புக்குள் காவுவது இரத்தம். இரத்தம் குறைந்தவளைக் காற்றுக் குறைந்த இடத்துக்கு அனுப்பவேண்டாம் என்றேன். முதலில் உன்னிடம்தான் சொன்னேன். நீ கேட்டாயா? பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய்.

கதிரையை இழுத்துப் போட்டாராம். போட்டால் இருக்கவேண்டியதுதானே.

இங்கே கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழா முடிந்தது. வழக்கம்போல அதற்கு முந்திய கிழமையெல்லாம் என் வாசலில் பெண்கள். "மிஸ்ஸி, கோயிலுக்குப் போகவேணும், நாளைத் தள்ளிப்போடுற குளிசை தாங்க." கொடுத்தேன். கடைசியில் பாதை மூடிவிட்டார்கள். பாதிப்பேர் கோயிலைக் காணவில்லை. குளிசை விழுங்கினதுதான் மிச்சம். அம்மனுக்காகத் தள்ளிப்போட்டதை ஆமிக்காரனுக்காகத் தள்ளிப்போட்டதாக ஆகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். சிரித்துவிட்டோம்.

இரும்புக் குளிசை விழுங்குகிறாயா? தேத்தண்ணியோடு விழுங்காதே. உடம்பில் பிடிக்காது.

பாலசுந்தரி


காத்மாண்டு
14.7.1996

(முதல் தாள்)

அண்ணா, இதை நீங்கள் படலையில் நின்று வாசிக்கலாம்.

இங்கே மழைக்காலம். ஆறு என்றால் ஓடுகிறது. எங்கள் ஊரில் ஆறு ஓடாது, நிற்கும், அதில்தான் என் அண்ணன் இறால் பிடிக்கிறார் என்று சொன்னேன். அப்படியென்றால் அது குளம் என்றார்கள். இல்லை, மழை கூடினால் கடலுக்குள் வெட்டிவிடுவோம், அப்போது ஓடும் என்றேன். நம்பவில்லை. நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள்.

சோறு கிடைக்கிறது. மீன் கிடைப்பதில்லை. கிடைப்பது மீனில்லை.

(இரண்டாம் தாள்)

மச்சாள்,

மேலே ஒரு குளம் இருக்கிறது. கோசாயிகுண்டா என்று பேர். நாலாயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல். நஞ்சு குடித்த சிவன் தொண்டை எரிவு தாங்காமல் சூலத்தால் குத்தி எடுத்த தண்ணீர் என்கிறார்கள். ஆவணிப் பூரணைக்கு ஆயிரக்கணக்கான பேர் ஏறுவார்கள். நாலைந்து நாளில் ஏறவேண்டியதை இரண்டு நாளில் ஏறுவதால் நோய் பிடிக்கிறது. முதலில் தலையிடி, வாந்தி. பிறகு நடை தடுமாறும். பிறகு புத்தி. கீழே இறக்காவிட்டால் சாவு.

வருகிறவர்களில் பெண்கள் கூடுதலாக விழுகிறார்களாம். ஏன் என்று தெரியவில்லை. விரதமாக இருக்கலாம் என்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் அங்கே ஒரு மருத்துவ முகாம் போடுகிறார்கள். பெண்களைப் பார்க்கப் பெண்கள் வேண்டும் என்று எங்கள் வகுப்பில் கேட்டார்கள். கை தூக்கினேன்.

முகாம் மருத்துவர் ஒரு பெண். சிரிக்காதவர். உடம்பில் ஏதும் குறை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆவணி நடுவில் புறப்படுகிறோம். என் நாள் பூரணையை ஒட்டி வரும். அந்தக் குளிசையை எத்தனை நாள் முன்பு தொடங்கவேண்டும்? அந்த உயரத்தில் அது சரியா? இங்கே மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் தெருவுக்கே கேட்கப் பதில் சொன்னார். வெளியே வந்துவிட்டேன். வாங்கிக்கொண்டு.

உங்களிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. வேறு ஆளில்லை.

பூரணி


புளியந்தீவு
7.8.1996

பூரணி,

நேற்றுத்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் தாளை வாசித்த ஆமிக்காரப் பெடியனை நினைத்தேன். அவனுக்குத் தமிழ் தெரியாமலிருக்கக் கடவது.

நீ புறப்படுவதற்குள் இது வந்து சேருமா என்று தெரியாது. வந்தால் வாசி.

ஒன்று. நான் குளிர்த்திக்குக் கொடுக்கிற குளிசை இந்தத் தரையில் நடக்கிற உடம்புக்கு. அந்த உயரத்தில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டேன். உன் பேரைச் சொல்லவில்லை, பயப்படாதே. அவரும் தெரியாது என்றார். இரத்தம் கொஞ்சம் தடிக்கலாம், அதனால் விழுங்குகிற ஆள் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் என்றார்.

இரண்டு. அந்தச் சிரிக்காத டாக்டரிடம் உண்மையைச் சொல்லு. நான் சொன்னால்தானே குற்றம். நீ சொல்லு.

மூன்று. கோபம் இருந்தால் வைத்துக்கொள். குளிருக்கு உதவும்.

மாங்கேணிப் பக்கம் மறுபடி ஷெல் அடி. நம் ஊர் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாம் தொண்ணூறில் அகதிகளாய் இருந்த அதே பள்ளிக்கூடத்தில்தான் விட்டிருக்கிறார்கள். கிழமையில் இரண்டு நாள் அங்கே கிளினிக் வைக்கிறேன். சீனிப்பிள்ளையும் வந்திருக்கிறாள், நம் பழைய வளவுக்கு அடுத்த வளவுக்காரி. வாய் குறையவில்லை. உன்னைக் கேட்டாள். மலையில் என்றேன். "கடல்ல பிறந்த பெட்டை மலையில போய் என்ன புடுங்குது?" என்றாள். குளம் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். "இஞ்ச இல்லாத தண்ணியா?" என்றாள்.

பாலசுந்தரி


கோசாயிகுண்டா
26.8.1996

மச்சாள்,

பேனை எழுதவில்லை. குளிர். பென்சில்.

உங்கள் கடிதம் நான் புறப்படும்வரை வரவில்லை.

குளம் இருக்கிறது. கறுப்பு. அலை இல்லை.

நாங்கள் மெதுவாக ஏறினோம். நாலு இரவு வழியில் தங்கி. எனக்கு ஒன்றுமில்லை. கூடாரம், கட்டில், ஒட்சிசன் உருளைகள். சனம் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு பெண், என் வயது. உதடு நீலம். தண்ணீர் நீட்டினேன். தள்ளினாள். மறுபடி நீட்டினேன். வெளியே கையைக் காட்டினாள். மரமில்லாத மலை. ஒரு பற்றை இல்லை. கல், கூடாரம், ஆண்கள். எங்கே போவது என்று கேட்கிறாள். பாஷை தெரியாமலே விளங்கியது. என் சால்வையை விரித்துப் பிடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு குடித்தாள். போத்தல் முழுவதும்.

இது விரதம் இல்லை, மச்சாள். மருத்துவரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் என்னைச் சரியாகப் பார்த்தார்.

அன்று முழுக்க சால்வை பிடித்தேன்.

குளிசை விழுங்கியும் வந்துவிட்டது. கடுமை. துணி கழுவக் குளம்தான் இருக்கிறது. அது சாமித் தண்ணீர். கழுவவில்லை.

தலையிடி. இங்கே எல்லாருக்கும் தலையிடி.

எனக்கு ஒன்றுமில்லை. குளம் இருக்கிறது. கறுப்பு. அலை இல்லை. சால்வை பிடித்தேன் முழுக்க

கீழே போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்து


புளியந்தீவு
14.9.1996

பூரணி,

உன் பென்சில் கடிதம் வந்தது. வேறொன்றும் வரவில்லை.

குளம், கறுப்பு, அலை இல்லை. இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். நீ ஒரு சொல்லை இரண்டு தரம் எழுதுகிற ஆளில்லை. பாதிக்குப் பிறகு வரிகள் வலப் பக்கமாகச் சரிகின்றன. கையொப்பம் இல்லை. நடை தடுமாறும், பிறகு புத்தி என்று நீதான் எழுதியிருந்தாய்.

கந்தோருக்குப் போனேன். காத்மாண்டுக்கு ரெலிபோன் எடுத்துச் சுகமா என்று கேளுங்கள் என்றேன். "ஏனம்மா, அவக்கு உடம்புக்கு ஏதுமா?" என்று வினாயகமூர்த்தி சேர் கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. தெரியாது என்றேன். "சும்மா கேளுங்க." சும்மா என்பதால் அவரும் சும்மா முயன்றார். லைன் கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லியிருந்தால் இன்றைக்கே எடுத்திருப்பார். சொன்னால் நீ கதைக்கமாட்டாய். எது சரி என்று நீயே எழுது. எழுதக் கையிருந்தால்.

உன் அண்ணன் முதல் தாளைக் கேட்டார். முதல் தாள் இல்லை, ஒரே தாள்தான் என்றேன். வாங்கிப் பார்த்தார். படலைக்குப் போகவில்லை. இரண்டு நாளாகத் தோணியையும் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாருக்கும் சால்வை பிடித்தாய். உனக்கு யார் பிடித்தது?

பாலசுந்தரி


காத்மாண்டு
2.10.1996

(முதல் தாள்)

அண்ணா, சுகம். கட்டிலால் எழும்பியதும் அடித்த தந்தி கிடைத்திருக்கும். மேலேயிருந்து என்னைக் கூடையில் வைத்து இறக்கினார்கள். மூங்கில் கூடை. நெற்றியில் பட்டை போட்டு ஒருவர் முதுகில் காவினார். சிரிக்கலாம்.

நாளைக்குத் தோணியை எடுங்கள்.

(இரண்டாம் தாள்)

மச்சாள்,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றாக இருக்கின்றன. ஆவணியில் எழுதியது நான் இறங்கி வந்த பிறகு மேசையில் கிடந்தது. மூன்று விசயம் சொல்லியிருந்தீர்கள். மூன்றாவதை மட்டும் செய்திருக்கிறேன்.

பூரணைக்கு முதல் நாள். மருத்துவர் என்னைக் கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலில் முட்டவேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் வைக்கிற சோதனை. கோட்டை நான்தான் கீறியிருந்தேன். மூன்றாவது எட்டில் சரிந்தேன்.

கடைசியாக எப்போது சலம் போனாய் என்று கேட்டார். யோசித்தேன். முதல் நாள் விடிய. அல்லது அதற்கும் முதல் நாள்.

ஏன் குடிக்கவில்லை?

வழக்கம் என்றேன்.

எந்த ஊர் வழக்கம் என்றார். பதில் வரவில்லை. அப்போது புத்தி கலங்கியிருந்தது. தெளிந்த பிறகும் வரவில்லை. கீழே கட்டிலில் கிடந்து தேடினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். எனக்கு ஒருவரும் சால்வை பிடிக்கவில்லை. தேவைப்படவில்லை. நான் குடிக்கவில்லை.

தொண்ணூறு. அந்தப் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்பறையில் நாம். கக்கூசு மைதானத்துக்கு அப்பால், போகிற வழியில் ஆமிக்காரரின் சென்ற்றி. நம்மோடிருந்த புஸ்பமக்காவின் மகள் ஒரு பின்னேரம் போத்தலில் தண்ணீரோடு போனாள். போத்தல் மட்டும் வேலியோரம் கிடந்தது. அன்றைக்கு நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "பகல் சோத்தோட ஒரு மிடறு. மறுகா விடியுமட்டும் வாயில வைக்காத." பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லாரும் அப்படித்தான்.

அந்த அகதி முகாம் முடிந்தது. அது முடியவில்லை. பல்கலைக்கழக விடுதியிலும் அப்படி. இங்கேயும். மத்தியானத்தோடு எனக்குத் தண்ணீர் விடாய் நின்றுவிடும். அதை ஒரு பழக்கமென்றே நான் அறியவில்லை. என் உடம்பு அப்படி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க மற்றப் பெண்களுக்குக் குடி, குடி என்று போத்தல் நீட்டினேன். அதே நாள், அதே மலை, அதே ஆண்கள். எனக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உயரத்து நோய் யாருக்கும் வரலாம், தண்ணீர் குடித்தவர்களுக்கும் வரும் என்கிறார் மருத்துவர். ஆனால் என் உடம்பு இரத்தம் குறைந்து, காய்ந்து கிடந்தது. தலையிடி களைப்பால் என்று நானும் நினைத்தேன், பக்கத்தில் நின்றவர்களும் நினைத்தார்கள். அதற்குள் நோய் வளர்ந்துவிட்டது. இன்னும் அரை நாள் மேலே இருந்திருந்தால் கூடையில் வேறு விதமாக வந்திருப்பேன்.

கூடையில் பின்பக்கம் பார்த்து இருத்துவார்கள். ஆகவே நான் இறங்குவதைக் காணவில்லை. மலை மேலே போவதைக் கண்டேன்.

கீழே வந்த பிறகு மருத்துவரிடம் எல்லாம் சொன்னேன். மாதாமாதம் போகிற அளவு. மார்கழியில் உங்கள் அடுப்படி. குளிசை. இல்லை என்று பொய் சொன்னது. அறையில் இரண்டு ஆண் மாணவர்கள் நின்றார்கள். நான் வாய் திறக்கும் முன் அவர் கேட்டார்: "இவர்களை வெளியே அனுப்பவா?"

அந்தக் கேள்வி. அதுவரை அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இருக்கட்டும் என்றேன். இருந்தார்கள். ஒருவன் எழுதிக்கொண்டான்.

நீங்கள் கந்தோரில் சொன்னது உண்மை. அதை நான் மறுத்ததில்லை. இப்போது அதை நானும் சொல்லிவிட்டேன். வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். வினாயகமூர்த்தி சேரிடம் வாயை மூடிக்கொண்டு வந்தீர்களே, அந்த நாளில் சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்க வழியில்லாத நேரம் அது.

மாசியில் ஒரு மேட்டுக் கிராமத்துக்கு அனுப்புவதாக இருந்தது. இரத்தம் ஏறினால் போகலாம், ஏறாவிட்டால் கீழே உள்ள கிளினிக் என்று முடிவு. ஒத்துக்கொண்டேன். கீழே என்பது இங்கே ஆயிரத்து முந்நூறு மீற்றர்.

இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்குகிறேன். மத்தியானத்துக்குப் பிறகு.

ஒரு கேள்வி. நீங்கள் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கிறீர்களா?

பூரணி


புளியந்தீவு
29.10.1996

பூரணி,

தந்தியும் வந்தது, கடிதமும் வந்தது. தந்தி வந்த அன்று உன் அண்ணன் தோணியை எடுத்தார். கடிதம் வந்த அன்று படலைக்கு எடுத்தார். "என்ட தங்கச்சிய நண்டு மாதிரிக் கூடையில போட்டுக் காவியிரிக்கானுகள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார்.

இனி உனக்கு.

தொண்ணூறில் நான் சொன்னது சரி. அதில் பிழை கிடையாது. அதே அறை, அதே சென்ற்றி, நீ பத்தொன்பது வயதுப் பெட்டை. இன்னொரு தரம் வந்தாலும் அதையேதான் சொல்வேன். அன்றைக்கு அதுதான் மருந்து. மருந்தை நிறுத்தச் சொல்ல மறந்துபோனேன் என்று வேண்டுமானால் எழுது.

உன் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை நடந்தேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நிறையத் தண்ணி குடி, நிறையத் தண்ணி குடி என்று பதினொரு வருடமாகச் சொல்கிற வாய் இது. பதில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே கிழமைக்குக் கிழமை ஒரே முறைப்பாடு. சலக்கடுப்பு. அடிவயிற்று நோ. காய்ச்சல். நானும் கிழமைக்குக் கிழமை குளிசை கொடுக்கிறேன். மாறும், மறுபடி வரும். கிணறு சரியில்லை என்று எழுதிப் போட்டிருந்தேன். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களைக் கேட்டேன்: "மத்தியானத்துக்குப் பிறகு தண்ணி குடிக்கிறீங்களா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சிரித்தார்கள்.

"மிஸ்ஸிக்கு இப்பதான் விடிஞ்சிரிக்கி" என்றாள் சீனிப்பிள்ளை. "ஆரு கா குடிக்கிற? குடிச்சா எங்க போற?"

கக்கூசு அதே இடத்தில். மைதானத்துக்கு அப்பால். சென்ற்றி மட்டும் இப்போது இரண்டு. ஆறு வருடம், பூரணி. நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆடியிலிருந்து போய்வருகிறேன். அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிளினிக் மேசை போட்டிருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை.

முகாம் பொறுப்பாளரின் அறை நாலு எட்டில் இருக்கிறது. எழும்பிவிட்டேன். வாசலில் நின்று கிறுகித் திரும்பி வந்தேன். பெண்களிடம் கேட்டேன்: "நான் போய்ச் சொல்லவா? வேண்டாமென்டா விடுறன். சொல்றதெண்டா என்னத்தைச் சொல்ல, என்னத்தைச் சொல்லாம விட?"

ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "ஆம்புளையளுக்கு முன்னால இதக் கதைக்கிறதா, எங்கட மானம் போயிரும் மிஸ்ஸி" என்றாள். வாதாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியில் சீனிப்பிள்ளை எழும்பினாள். "நீங்க சொல்லவேணாம் மிஸ்ஸி. நீங்க சொன்னா அது நோய்வருத்தக் கதையாப் போயிரும். நாங்க சொல்றம். நீங்க பக்கத்தில நில்லுங்க, காணும்."

எட்டுப் பத்துப் பேர் போனோம். கக்கூசு கிட்ட வேண்டும் என்று அவர்கள் சொன்னதைப் பொறுப்பாளர் கேட்டுவிட்டு, "இது பொம்புளையள்ர விசயம், ஆறுதலாப் பார்ப்பம்" என்றார்.

"ஆறுதலாப் பாருங்க ஐயா" என்றாள் சீனிப்பிள்ளை. "அதுமட்டும் நாங்க உங்கட கந்தோருக்குப் பின்னால போறம். சன்னலை மட்டும் சாத்திப்போடுங்க."

அவர் காது சிவந்துவிட்டது. பெண்கள் இருக்கிற கட்டடத்தை ஒட்டி இடம் காட்டினார். குழி வெட்ட ஆள் தந்தார். மறைப்புக்குத் தகரம் கேட்டு எழுதவேண்டும், வர நாள் செல்லும் என்றார்.

அடுத்த நாள் நான் போகும்போது உன் அண்ணன் அங்கே நிற்கிறார். ஒரு வண்டில் கிடுகு. கம்பு. கயிறு. நான் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

"ஆரு சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"குழி வெட்டுறது ஊருக்கே தெரியும். ஏனெண்டு ரெண்டாம் தாள்ள எழுதியிரிக்கே" என்றார், கம்பு நட்டுக்கொண்டே.

நான் நின்றுவிட்டேன்.

"என்ன பாக்கிறாய்? எனக்கு வாசிக்கத் தெரியாதா? ரெண்டாம் தாளத்தான் முதல்ல வாசிக்கிற. முதலாம் தாள் ஊருக்கு."

ஆகவே இனி ஒரே தாளில் எழுது.

வேலி பின்னேரத்துக்குள் முடிந்தது. ஆளுயரத்துக்கு மேல், உள்ளே வளைந்து போகிற வாசல். உன் அண்ணன் கயிற்றை அறுத்துவிட்டு ஆற்றுப் பக்கமாகப் போய்விட்டார், திரும்பிப் பார்க்காமல். பெண்கள் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் கிட்டப் போகவில்லை.

சீனிப்பிள்ளை கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் நீட்டினாள்.

"முதல்ல மிஸ்ஸி."

வெயில் சாய்ந்துவிட்டது. வாங்கினேன். உப்புக் கரிக்கிற தண்ணீர். பாதியில் வயிறு வேண்டாம் என்றது. அதற்குப் பழக்கமில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தையும் குடித்தேன்.

பிறகு அங்கேயே இருந்து பெண்களோடு கதைத்தேன். வர வேண்டிய நேரத்தில் வந்தது. எழும்பி வேலிக்குள் போனேன். அவசரப்படாமல் திரும்பி வந்தேன்.

பாலசுந்தரி